அப்பாக்களின் கணக்கு

ஈசாப் கதை ஒன்றைப் பையன் முதலில் வாயால் சொல்ல வேண்டும், எந்த ஜோடனையும் இல்லாமல். பிறகு அதே எளிமையில் எழுத வேண்டும். அடுத்து ஒரு செய்யுளை எடுத்து, அதன் சீர்களைக் கலைத்து உரைநடையாக்க வேண்டும். சொற்களை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஓரிடத்தில் சுருக்கலாம், ஓரிடத்தில் விரிக்கலாம். கவிஞர் சொன்ன பொருள் மட்டும் பிசகக் கூடாது. கி.பி. 95 வாக்கில் ரோமில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதி முடித்த 12 பாக நூலில் சிறுவர்களின் எழுத்துப் பயிற்சி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வெற்றுத்தாளை நீட்டி, 'சொந்தமா ஏதாவது எழுதுடா' என்பதெல்லாம் அங்கே இல்லை.

இந்த வகைப் பயிற்சிகளுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் புரோஜிம்னாஸ்மாட்டா. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியா நகரத்து அப்தோனியஸ் அவற்றை 14 ஆக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மாதிரியும் எழுதிவைத்தார். நீதிக்கதையில் தொடங்கும் வரிசை, ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவதில் முடியும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகள் வரை அந்தச் சின்னப் புத்தகம் புழங்கியது. இப்போது அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரில் ஒரு பகுதியினர் அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

14-ஐயும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மூன்று போதும்.

பெரியவர் ஒருவர் சொன்னதை அல்லது செய்ததை வைத்து எழுதுவது ஒன்று. கிரேக்க ஞானி டயோஜனிஸ், அடக்கமில்லாமல் நடந்துகொண்ட ஒரு பையனைப் பார்த்தார். பையனை விட்டுவிட்டு, அவனைப் பார்த்துக்கொள்ள வந்த ஆளை ஒரு போடு போட்டார். சம்பவம் அவ்வளவுதான். இதை வைத்து மாணவன் செய்தவரைப் பாராட்டி, நடந்ததைத் தன் மொழியில் சொல்லி, காரணம் காட்டி, நேர்மாறாக நடந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, உவமை, உதாரணம், சான்றோர் வாக்கு என்று எட்டுப் படிகளில் முடிக்க வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்ற திண்டாட்டம் இல்லை. அடுத்து என்ன என்ற திகைப்பும் இல்லை. (அடி யாருக்கு விழ வேண்டும் என்பதில் நான் டயோஜனிஸ் கட்சி.)

இன்னொன்று மறுப்பதும் நிறுவுவதும். அப்பல்லோ தேவன் துரத்தியபோது டாப்னி என்ற பெண் மரமாகிவிட்ட கிரேக்கப் புராணக் கதையை அப்தோனியஸ் முதலில் நார்நாராகக் கிழிக்கிறார். ஆற்றுக்குப் பிறந்தவள் என்றால் தண்ணீருக்குள் எப்படி வளர்ந்தாள்? அடுத்த பயிற்சியில் அதே கதையை நம்பத் தகுந்தது என்று அவரே வாதாடுகிறார். பத்து வயதில் இதைச் செய்து பழகியவனை யாரும் லேசில் ஏமாற்றிவிட முடியாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இன்னார் இந்த நேரத்தில் என்ன பேசியிருப்பார்? பிள்ளைகள் எல்லாம் செத்துக் கிடக்கும்போது புராணத்துத் தாய் நையோபி என்ன சொல்லியிருப்பாள்? எழுதுகிறவன் தன்னை விட்டுவிட்டு அடுத்தவர் வாயாகப் பேச வேண்டும். இந்தப் பயிற்சியில் கரைகண்ட ஒரு சிறுவனின் கல்லறை ரோமில் கிடைத்திருக்கிறது.

பெயர் குவின்டஸ் சுல்பீசியஸ் மாக்சிமஸ். கி.பி. 94இல் ரோமில் நடந்த காபிடோலைன் போட்டியில் 52 கிரேக்கக் கவிஞர்களோடு மோதினான். கொடுத்த தலைப்பு: சூரியதேவன் தன் ரதத்தை மகன் ஃபேதனிடம் கொடுத்து உலகத்தை எரியவிட்டதற்காக, ஜீயஸ் அந்தச் சூரியதேவனை எப்படிக் கண்டித்திருப்பார்? அந்த இடத்திலேயே கிரேக்கத்தில் கவி கட்ட வேண்டும். பரிசு வென்றதாகக் கல்வெட்டு சொல்லவில்லை. சபை வியந்தது என்கிறது. 11 வயது 5 மாதம் 12 நாளில் அவன் இறந்துபோனான். இரவும் பகலும் ஓயாத படிப்பும் நோயும் கொண்டுபோனதாக அதே கல் சொல்கிறது. தாயும் தகப்பனும் அவன் பாடிய அத்தனை வரிகளையும் கல்லில் வெட்டி, நடுவில் கையில் சுவடியோடு அவன் சிலையையும் நிறுத்தினார்கள். பிற்காலத்தில் நகர மதில் வாசலுக்குள் புதைந்துபோன அந்தக் கல், 1871இல் வாசலை இடித்தபோது வெளியே வந்தது.

பையன் மேடையேறிய அதே ஆண்டுகளில், அதே ஊரில்தான் குவின்டிலியன் தன் நூலை எழுதிக்கொண்டிருந்தார். அவரும் இரண்டு மகன்களைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். பிள்ளைகள் எழுதியதையெல்லாம் மனப்பாடம் செய்து, குறித்த நாளில் சபையில் ஒப்பிக்கும் வழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். இதை அதிகம் கேட்பவர்கள் அப்பாக்கள்தான், அடிக்கடி மேடையேறினால்தான் பிள்ளை படிக்கிறான் என்று நினைக்கிறார்கள் என்பது அவருடைய புகார். வேறோர் இடத்தில் இன்னும் காரமாக, அப்பாக்கள் பேச்சுகளை எடைபோடுவதில்லை, எண்ணுகிறார்கள் என்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டாகியும் அந்தக் கணக்கு முடியவில்லை. நம் பேச்சுப் போட்டிகளில் பாதிப் பேச்சை எழுதுவது யார் என்று நடுவராக உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா எழுதி, அப்பா கை அசைவு சொல்லிக்கொடுத்து, குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. இப்போது அடுத்த கட்டத்துக்கும் போய்விட்டோம். பணம் கட்டினால் ஏழு வயதுக் குழந்தையின் பெயரில் புத்தகம் வருகிறது. கூடவே 'இளம் எழுத்தாளர்' சான்றிதழும் பதக்கமும். அந்தப் புத்தகத்தில் குழந்தை அடித்துத் திருத்திய ஒரு வரி உண்டா? ஒரே கதையை மூன்று விதமாக எழுதிப் பார்த்த தடம் உண்டா? அட்டைப்படம்தான் பளபளக்கிறது.

அப்தோனியஸின் பயிற்சிகள் எனக்குப் பிடித்திருப்பது அவை பழையவை என்பதற்காக அல்ல. ஊருக்குக் காட்டுவதற்காக எழுதாத வரையில்தான் அவற்றுக்குப் பலன். எழுதலாம், கலைக்கலாம், மறுபடி எழுதலாம். பிள்ளைகள் அளவுக்கு மீறி எழுதினால் எழுதட்டும் என்பார் குவின்டிலியன். வளத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், வறட்சிக்கு மருந்து கிடையாது. அளவு மீறி எழுதும் மாணவனிடம், இப்போதைக்கு ஒப்புக்கொள்கிறேன், இதை அனுமதிக்காத காலமும் வரும் என்று சொல்லிவைப்பாராம். ஏழு வயதில் அச்சேறிய பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிட முடியுமா? புத்தகம்தான் வந்துவிட்டதே!

இந்தப் பயிற்சிகளெல்லாம் அச்சு வார்ப்பு, குழந்தையின் கற்பனையைக் கொன்றுவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள். சிறுவயதில் ஜூனோ தேவியின் கோபத்தைப் பேசிக் கைதட்டு வாங்கிய புனித அகஸ்டினே பின்னாளில் அதை வெறும் புகை, காற்று என்று ஒதுக்கினார். ஆனால் அவர் சலித்துக்கொண்டதும் அந்தக் கைதட்டலைத்தான்.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் குழந்தைக்குத் தெரிந்த கதை ஒன்றை எடுத்து, அதில் வரும் கெட்டவனின் வாயால் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதையே பாதியாகச் சுருக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருங்கள்.