நடுவர் காட்டிய மஞ்சள் அட்டை

இன்று கரண்டி பிடிக்கும் இந்தக் கை ஒரு காலத்தில் வில் பிடித்தது என்றால், எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். 2014ல், என் கல்யாணத்துக்கு முன், பாங்காக்கில் நடந்த சர்வதேச வில்வித்தைப் போட்டியில் பெண்கள் அணியில் ஆடினேன். மற்ற இருவரில் ஒருத்தி ஜார்க்கண்ட், இன்னொருத்தி மணிப்பூர். எனக்கோ இந்தி அரைகுறை!

அணிப் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே நிமிடத்தில் மூவரும் ஆளுக்கு இரண்டு அம்பு விட வேண்டும். ஒருத்தி கோட்டில் நிற்க, மற்றவர்கள் ஒரு மீட்டர் பின்னால் காத்திருக்க வேண்டும். கோட்டுக்கு வரும் வரை அம்பறாத்தூணியிலிருந்து அம்பை உருவவே கூடாது. கடைசிச் சுற்றில் அவசரப்பட்டு, நடந்தபடியே உருவிவிட்டேன். நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். பின்னால் போய்விட்டு மறுபடி வந்து ஓர் அம்பு விடுவதற்குள் நேரம் முடிந்தது. விடாத அம்புக்குப் பூஜ்யம். மூன்று புள்ளியில் தோற்றோம்.

தோழிகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் என்னை வதைத்தது. மணிப்பூர் பெண் தன் பையிலிருந்த பிஸ்கட்டை என் கையில் திணித்து, "காவோ" என்றாள். வீட்டிலோ, "காத்து ஜாஸ்தி" என்று பொய் சொல்லிவிட்டேன்.

2023 ஆகஸ்டில் பெர்லினில், ஜோதி சுரேகா, பர்னீத் கவுர், அதிதி சுவாமி மூவரும் மெக்சிகோவை 235-229 என்று வென்று, உலக வில்வித்தை சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தார்களே... டி.வி. செய்தியில் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"ஏம்மா, ஜெயிச்சதுக்குப் போய் அழறே?" என்றார் மாமியார். அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுங்க கிட்ட அப்புறம் பேசினியா?"

இல்லை. மறுநாளே தேட ஆரம்பித்தேன். ஜார்க்கண்ட் தோழி கிடைத்துவிட்டாள். மணிப்பூர்க்காரியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

– ஒரு வாசகி, சேலம்.