கோடையிற் கடலோரத் தனிப் பிரயாணம்

கோடை விடுமுறையில் மலைகளை நாடுவோர் பலர். கடலோரமாய்த் தனியே சைக்கிளிற் சென்று, கூடாரமடித்து இராப்பொழுதைக் கழிப்போர் மிகச் சிலரே. லால்பேட்டையினின்று புறப்பட்டுச் சிதம்பரம், பரங்கிப்பேட்டை வழியாய்க் கடலூர் செல்லும் அத்தகைய பிரயாணத்தில் அறிந்துகொள்ளவேண்டியன சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கடலோரப் பிரயாணம் என்று சொல்லினும், இப்பகுதியிற் பெருஞ்சாலையினின்று கடலைக் காண்டல் அரிது. இதற்குக் காரணம் ஆறுகளே. கொள்ளிடமும் வெள்ளாறும் சமுத்திரத்தை அடையுமுன் அகன்று, உப்பங்கழிகளாய்ப் பரவுகின்றன. அவற்றின் முகத்துவாரங்களுக்கு இடையிலேதான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு இருக்கிறது. சேற்றுநிலத்திற் பாலமிடுவதினும் ஆறு ஒடுங்கிய இடத்திற் கடப்பது எளிதாகலின், சாலை மேற்கே விலகிச் சிதம்பரத்தைத் தொட்டுச் செல்கிறது. ஆகவே கடலை விரும்புவோன் கிள்ளைக்கோ பரங்கிப்பேட்டைக்கோ கிழக்கே திரும்பிச் சென்று, மீண்டும் வந்த வழியே வரவேண்டும். 1781-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி பரங்கிப்பேட்டையருகே ஹைதர் அலியோடு பொருத ஆங்கிலச் சேனைக்கு உணவுப்பொருள்கள் கப்பல் வழியாய் வந்தன. நமக்கோ சைக்கிளின் பின்புறத்திற் கட்டிய மூட்டையே கப்பல்!

அம்மூட்டையிற் முதலிடம் பெறவேண்டியது தண்ணீர். கடலருகே நன்னீர் கிடைக்கும் விதம் வியப்புக்குரியது. மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரினும் இலேசானபடியால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தாலோ, நாளடைவில் அடியிலுள்ள உப்புநீர் 40 அடி மேலெழும். ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர் என்னும் உள்நாட்டார் எண்ணம் இங்கே தலைகீழாகிறது. மணல்மேட்டிற் கைமுழம் ஆழத்தில் ஊறும் நீர் இனித்திருக்க, அடுத்த தோப்பின் ஆழ்குழாய் உவர்த்தல் இதனாலேயாம். யந்திரங்களால் அளவின்றி இறைப்போர் தம் பிள்ளைகளின் குடிநீரையே உப்பாக்குகின்றனர் என்று சொன்னால் மிகையாகாது. வழிப்போக்கன் ஊற்றுநீரைக் காய்ச்சியே பருகவேண்டும். நாளொன்றுக்கு 5 லிட்டராவது கையிருப்பாய்க் கொள்ளுதல் நலம். லால்பேட்டைக்கு அருகிலுள்ள வீராணம் ஏரியினின்று 2004-ம் வருஷமுதல் சென்னைக்கே குடிநீர் செல்கின்றதெனினும், கிழக்கே செல்லச்செல்ல அவ்வேரியின் நினைவுதான் மிஞ்சும்.

வெயிலைப்பற்றி அஞ்சவேண்டுவதில்லை, நேரமறிந்து நடந்தாற் போதும். நிலம் கடலினும் விரைவிற் சூடேறுவதால், அதன்மேலுள்ள காற்று எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப ஓடிவருகிறது. இக்கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னரே வீசும். சில நாட்களில் மேற்குக்காற்று அதனைத் தடுத்துவிடும். ஆதலால் விடியுமுன் புறப்பட்டு, பத்து மணிக்குள் நிழலடைந்து, மாலையில் மறுபடியும் வண்டியேறுவதே முறை.

கூடாரத்துக்கு இடந்தேர்தலில் அழகு ஏமாற்றும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு கண்ணுக்கு இனியதாயினும், இருபுறமும் நீர் சூழ்ந்தது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையிற் கிள்ளையருகே எம்.ஜி.ஆர். திட்டு அடைந்த அழிவை அவ்வூரார் இன்றும் சொல்லுவர். ஆமைகள் முட்டையிடும் மணலிலும் விளக்கேற்றித் தங்கலாகாது. பிச்சாவரத்துக் காட்டினுள் வனத்துறையாரின் அநுமதியின்றி நுழைதலும் தவறு.

ஊராரைக் கேட்டு, வலை காயும் மேட்டின் பின்புறத்தே தங்குவதே உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடையுண்டு. அந்த 61 நாட்களும் மீனவர் பலர் கரையிலிருந்து வலை செப்பனிடுவராதலின், எந்த ஊற்று இனிக்கும், இன்றிரவு எத்திசைக் காற்று வரும் என்பவற்றை அவர்களிடம் கேட்டறியலாம்.