ஃபேஸ்புக்கில் தொடங்கி தொகுதிக் கோடு வரை

2018-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். ஆனா 110 இடத்தில் 58 போனது குடியரசுக் கட்சிக்கு. எப்படி? தொகுதி எல்லையை அவங்களே தோதாக வரைந்திருந்தாங்க.

இதை மாத்தணும், யார் வர்றீங்கன்னு கேட்டி ஃபேஹி என்ற இளம்பெண் 2016 நவம்பரிலேயே ஃபேஸ்புக்கில் கேட்டிருந்தார். வெறும் லைக்கோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். வந்தவர்கள் தெருவில் இறங்கி, காகிதத்தில் நாலு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கினார்கள். தேவை 3,15,654தான்!

அதே 2018 தேர்தலோடு நடந்த பொது வாக்கெடுப்பில் 61 சதவீத ஆதரவு. இப்போது கோடு போடுவது 13 குடிமக்கள்: இரு கட்சியிலும் நாலு நாலு பேர், எதிலும் சேராதவர்கள் ஐந்து பேர்.