பழைய சரக்கு வேன் வாங்கி ‘வேன் லைஃப்’: ஒகேனக்கல் ஏற்றம் சொல்லித் தந்த கணக்கு



ஓசூர், பெங்களூர்ல வேலை பார்க்கிற பல பேருக்கு இப்போ ஒரு ஆசை. பழைய சரக்கு வேன் ஒண்ணு வாங்கி, பின்னாடி மெத்தை போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஒகேனக்கல்ல போய் இறங்கிடணும். காலையில பரிசல், மத்தியானம் மீன் வறுவல், ராத்திரி வண்டியிலயே தூக்கம்.

ஆசை தப்பில்ல. எனக்கும் இருந்துச்சு. நானும் என் சித்தப்பா பையனும் சேர்ந்து 1,65,000 ரூபாய்க்கு ஒரு வேன் வாங்கினோம். தர்மபுரி பைபாஸ்ல ஓட்டிப் பார்த்தப்போ சூப்பரா போச்சு. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போதும் பிரச்சினை இல்ல. மறுநாள் திரும்பி ஏறும்போதுதான் கருகின வாசனை. இன்ஜின் கத்துது, வண்டி நகரல. ரெண்டு பக்கமும் யானை நடமாடுற காடு. கிளட்ச் போச்சு, ரேடியேட்டர்லயும் அடைப்பு. கட்டி இழுத்த கூலியோட சேர்த்து 23,000 ரூபாய். வாங்கின விலையில கிட்டத்தட்ட 14 சதவீதம், ஒரே நாள்ல!

அன்னைக்கு நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். ரிப்பேர்ங்கிறது பிறகு வர்ற செலவு இல்ல, அது விலையோட ஒரு பகுதி. பேரம் பேசுறதுக்கு முன்னாடியே அதை ரூபாயா மாத்தி எழுதிடணும்.

1. எந்த வண்டி?

நம்ம பட்ஜெட்ல பெரும்பாலும் ரெண்டு வண்டிதான் வரும். மாருதி ஆம்னி 1984-ல வந்தது, 796 சிசி இன்ஜின், 2019-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஈக்கோ 2010-ல வந்தது, 1.2 லிட்டர் இன்ஜின், இன்னும் புதுசா விற்பனையில இருக்கு. ரெண்டுலயும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில, இழுக்கிறது பின் சக்கரம். ஆம்னி வாங்கினா வருஷத்தை முதல்ல பாருங்க. வெள்ளை போர்டு வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா பதிவைப் புதுப்பிக்கணும்.

2. இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்துச்சு?

கிலோமீட்டரை விட இதுதான் முக்கியம். 20 லிட்டர் தண்ணி கேன் 30 ஏத்தினாலே 600 கிலோ. தெருத்தெருவா நின்னு நின்னு போன வண்டி 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் கிளட்ச், பிரேக், பின்பக்க ஸ்பிரிங் எல்லாம் தேஞ்சிருக்கும். தண்ணியும் மீனும் ஏத்தின வண்டின்னா தரை துருப்பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம். மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாருங்க. ஸ்லைடிங் கதவு ஓடுற தடத்தையும் பாருங்க. நீங்க படுக்கப் போறது அந்தத் தரை மேலதான்.

3. ஏற்ற டெஸ்ட்

• காலையில போங்க. “நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா”ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. சூடான இன்ஜின் பல குறையை மறைச்சிடும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா கூலன்ட் உள்ளே போகுதுன்னு சந்தேகப்படுங்க.

• 200 கிலோ எடை ஏத்துங்க. ஆளை இல்ல, அரிசி மூட்டையோ தண்ணி கேனோ. சரக்கு வண்டியில பின்னாடி ஆள் ஏத்தக் கூடாது.

• ஏற்றத்துல ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியர்ல எடுங்க. இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலைன்னா கிளட்ச் ஸ்லிப். டெம்பரேச்சர் முள் ஏறிக்கிட்டே போனா கூலிங்ல கோளாறு.

• இறக்கத்துல ரெண்டாவது கியர். நியூட்ரல் மட்டும் வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாய்ல நடக்கிற விபத்துகளைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குதான்னு பாருங்க.

• பின்னாடி இருந்து ஊளைச் சத்தம் வந்தா டிஃபரன்ஷியலை மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

4. பேப்பர்

ஆர்.சி.யில கடன் பாக்கி இருக்கா, இ-சலான் நிலுவை இருக்கா, ரெண்டையும் பரிவாகன் தளத்துல பார்த்துடுங்க. மஞ்சள் போர்டுன்னா எஃப்.சி. முக்கியம்: 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். கர்நாடக வண்டி விலை கம்மியா தெரியும். என்.ஓ.சி., மறுபதிவு, இங்க கட்ட வேண்டிய வரி எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. வாங்கின 14 நாளுக்குள்ள பாலிசியை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிடுங்க. இந்தச் சின்ன வேனை ஓட்ட உங்க சாதாரண எல்.எம்.வி. லைசன்ஸே போதும், 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே தெளிவா சொல்லிடுச்சு. ஆனா பாடியை வெட்டி மாத்தினா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். கழட்டி வைக்கிற மாதிரி பிளைவுட் கட்டில் போட்டுக்கோங்க.

5. இப்போ கணக்கு

ஒரு உதாரணம். உங்க மெக்கானிக் சொல்ற எண்ணை இதுல போட்டுக்கோங்க.

கேட்கிற விலை: 2,00,000
டயர், பேட்டரி: 18,500
கிளட்ச்: 8,000
தரை டிங்கரிங்: 12,000
பேர் மாற்றம், இன்சூரன்ஸ்: 15,000
கட்டில், மெத்தை: 10,000
முதல் வருஷ ரிப்பேர் ஒதுக்கீடு: 20,000
மொத்தம்: 2,83,500

ரெண்டு வருஷம் கழிச்சு 1,50,000-க்கு வித்தா, உங்க கையை விட்டுப் போனது 1,33,500. நாற்பது ராத்திரி தூங்கினா, ஒரு ராத்திரிக்கு சுமார் 3,340 ரூபாய், பெட்ரோல் தனி. ஒகேனக்கல்ல ரூம் போட்டா என்ன ஆகும்னு நீங்களே ஒப்பிடுங்க. நூறு ராத்திரின்னா அதுவே 1,335 ஆகிடும். ஆக, எத்தனை ராத்திரி போவீங்கன்னு நேர்மையா எழுதுங்க.

டயர்ல இருந்து டிங்கரிங் வரைக்கும் வர்ற 38,500-ஐ வெறும் வாய்ப்பேச்சா சொல்லாதீங்க, பேப்பர்ல எழுதி விக்கிறவர்கிட்ட காட்டுங்க. முழுசும் குறைக்க மாட்டார். ஆனா பேரம் அங்க இருந்து தொடங்கும். ரிப்பேர் ஒதுக்கீட்டை கிரெடிட் கார்டுல வைக்காதீங்க, எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. அந்த 20,000 தனியா சேர்ற வரைக்கும் வேன் காத்திருக்கட்டும்.

எங்க வேன் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. புது கிளட்ச்சோட அதே ஏற்றத்தைப் பல தடவை ஏறிடுச்சு. அந்த 23,000-ஐ முன்னாடியே பேரத்துல கழிச்சிருக்கலாமேங்கிற வருத்தம் மட்டும் போகல. உங்களுக்கு அது வேண்டாம்.

அடுத்த வீடியோவுல பழைய வண்டிக் கடன் வட்டியைப் பிரிச்சுப் பார்ப்போம்.