செப்டிக் டேங்க் நிறைஞ்சு போச்சா? லாரிக்காரர் எங்கே போய் கொட்டுறார்னு கேளுங்க!

ஒலக்கூர்,-

வீட்டுல செப்டிக் டேங்க் நிறைஞ்சுட்டா இப்போ பெரிய கவலை இல்லை. ஒரு போன் போட்டா போதும். ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல லாரி வாசலுக்கு வந்து நிற்கும். ஓஸை இறக்கி, மோட்டாரைப் போட்டு உறிஞ்சி எடுத்துட்டு, காசை வாங்கிக்கிட்டு கிளம்பிடும். வீட்டுக்காரருக்கு நிம்மதி.

ஆனால் அந்த லாரி அதற்கப்புறம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை கேட்பவர்கள் மிகக் குறைவு.

திண்டிவனம் அருகே உள்ள ஒலக்கூர், சாரம், ஆவணிப்பூர் சுற்றுவட்டார கிராமங்களில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், இல்லாவிட்டால் உறை இறக்கிய குழி தான். இன்றைக்கு நிறையாத டேங்க் நாளைக்கு நிறையத்தான் போகிறது. எனவே டேங்க் எப்படி வேலை செய்கிறது, எப்போது எடுக்க வேண்டும், எடுத்ததை எங்கே கொட்ட வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

டேங்குக்குள் என்ன நடக்கிறது?

செப்டிக் டேங்க் என்பது வெறும் தொட்டி அல்ல. கழிவு உள்ளே போனதும் மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெய், சோப்பு நுரை போன்றவை மேலே ஏடு போல மிதக்கிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் உள்ள சேற்றை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கின்றன.

ஆனால் முழுவதும் குறையாது. ஆண்டுக்கு ஆண்டு சேறு ஏறிக்கொண்டே வரும். டேங்க் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு சேறு வந்துவிட்டால் எடுத்துவிட வேண்டும். ஒரு குடும்பம் புழங்கும் டேங்குக்கு பொதுவாக 2 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊரில் வழக்கம் வேறு. "பத்து வருஷமா டேங்க்கை திறக்கவே இல்லை, அப்படி ஒரு டேங்க்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அப்படி நிறையாமல் இருந்தால் அது நல்ல டேங்க் என்று அர்த்தம் இல்லை. அடியில் தளம் போடாமல் இருக்கலாம். அல்லது எங்கோ கசியலாம். கழிவு நேராக நிலத்தடி நீருக்குப் போகிறது என்று அர்த்தம். பக்கத்தில் கிணறோ, போர் பைப்போ இருந்தால் அந்தத் தண்ணீரைத் தான் குடும்பமே குடிக்கும். அதனால் கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளித்தான் டேங்க் கட்ட வேண்டும்.

கக்கூஸில் ஊற்றும் தண்ணீர் மெதுவாக இறங்குவது, குழாயில் குடுகுடு சத்தம் வருவது, டேங்க் பக்கம் நாற்றம் அடிப்பது, மூடியைச் சுற்றி ஈரம் கசிவது - இதெல்லாம் டேங்க் நிறைந்துவிட்டதற்கான அறிகுறி. இந்த நேரத்தில் சிலர் ஆசிட்டையும், பினாயிலையும் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். இது தப்பு. சேற்றைத் தின்னும் கிருமிகள் செத்துப் போனால் டேங்க் இன்னும் சீக்கிரம் தான் நிறையும்.

ராத்திரியில் நடக்கும் கூத்து

லாரியில் ஏற்றிய கழிவை சுத்திகரிப்பு நிலையத்தில் தான் கொட்ட வேண்டும். இதற்காக தமிழக அரசு 2014-ம் ஆண்டே உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழிகாட்டி விதிமுறைகளை வெளியிட்டது. மத்திய அரசு 2017-ம் ஆண்டு தேசிய கொள்கையையே கொண்டு வந்தது.

ஆனால் சுத்திகரிப்பு நிலையம் எல்லா ஊரிலும் இல்லை. தூரமாக இருந்தால் டீசல் செலவு. அதே நேரத்தில் இன்னொரு லோடு அடித்தால் வருமானம். இதனால் தான் பல ஊர்களில் இருட்டியதும் ஏரிக்கரை, ஓடை, ஆற்றுப் பாலத்தின் ஓரம், ஆள் இல்லாத புறம்போக்கு என்று லாரிகள் வால்வைத் திறந்து விடுகின்றன. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு லாரியில் 5 ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டப்படும் கழிவு. வடகிழக்கு பருவமழை வந்தால் அது ஓடையில் கலந்து ஏரிக்கு வரும். ஆடு, மாடு குடிக்கும். பிள்ளைகள் குளிப்பார்கள். வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, குடல் புழு எல்லாம் இப்படித்தான் பரவுகிறது. காசு கொடுத்து வீட்டில் இருந்து அனுப்பிய கழிவு, குடிதண்ணீர் வழியாக அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்பது தான் உண்மை.

"நிலத்துக்கு உரம் தானே" என்று சிலர் வயலில் கொட்டச் சொல்வதும் உண்டு. கழிவில் உரச்சத்து இருப்பது நிஜம். ஆனால் பச்சையாகக் கொட்டினால் புழு முட்டைகள் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். நடவு நடுபவர்கள், களை எடுப்பவர்கள், மணிலா பிடுங்குபவர்கள் வெறுங்காலோடு, வெறுங்கையோடு அந்த மண்ணில் தான் இறங்குகிறார்கள். முறைப்படி காயவைத்து, பதப்படுத்தி, சோதனை செய்த பிறகு தான் அதை உரமாகப் பயன்படுத்த வேண்டும்.

கருங்குழியில் எப்படி?

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் தான் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக செப்டிக் டேங்க் கழிவுக்கென்று தனி சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நாள் ஒன்றுக்கு சுமார் 23 ஆயிரம் லிட்டர் கழிவை வாங்கும் அளவுக்கு கட்டப்பட்டது. அதாவது 5 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் நாலு, ஐந்து லோடு.

இதுபோன்ற நிலையத்தில் நடப்பது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை. லாரி உள்ளே வந்ததும் ஓஸை மாட்டி கழிவை இறக்குவார்கள். கம்பி வலையில் துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் நின்றுவிடும். மீதி, மணலும் ஜல்லியும் பரப்பிய தொட்டியில் பாயும். தண்ணீர் வடிந்து கீழே இறங்கி தனியாக சுத்தம் செய்யப்படும். மேலே தங்கும் சேறு வெயிலில் காய்ந்து கட்டியாகிவிடும். அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் கேரவன் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கூட இதே கட்டுப்பாடு உண்டு. காருக்குப் பின்னால் சின்ன வண்டியை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போவார்கள். அதற்குள்ளேயே கக்கூஸ், அடியில் கழிவு டேங்க். நிறைந்ததும் ரோட்டோரம் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள இடத்துக்குத் தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கையுறை போட்டு ஓஸை மாட்டி, முதலில் கக்கூஸ் டேங்க், அப்புறம் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் டேங்க். அந்தத் தண்ணீரே ஓஸைக் கழுவிவிடும்.

நம்ம ரெயிலிலும் கதை மாறிவிட்டது. ஒலக்கூர் ஸ்டேஷன் வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரெயில்களில் முன்பெல்லாம் கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும். இப்போது பெட்டிக்கு அடியில் பயோ டாய்லெட் டேங்க் இருக்கிறது. மானாமதுரை - ராமேசுவரம் இடையிலான 114 கி.மீ. பாதை தான் 2016-ம் ஆண்டு நாட்டிலேயே முதன்முதலாக தண்டவாளத்தில் கழிவு விழாத பாதையாக அறிவிக்கப்பட்டது. ஓடுகிற ரெயிலுக்கே வழி கண்டுபிடித்தாச்சு. நிற்கிற வீட்டுக்கு முடியாதா?

ஆளை மட்டும் இறக்காதீங்க!

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. "அடியில சேறு கெட்டியா இருக்கு, ஒரு ஆளு இறங்கினா வேலை முடிஞ்சுடும்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்கக் கூடாது.

டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு, இனி பயமில்லை" என்று இறங்குபவர் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயங்கி விழுந்துவிடுவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அப்படியே விழுகிறார்கள். ஒரே டேங்கில் அண்ணன், தம்பி, அப்பா, மகன் என்று சேர்ந்து பலியாவது இதனால் தான். மீத்தேன் வாயுவும் இருப்பதால் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் ஆபத்து.

2013-ம் ஆண்டு சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். கான்டிராக்டர் மட்டும் அல்ல, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரரும் மாட்டுவார்.

உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் உத்தரவிட்டது. 2023-ம் ஆண்டு அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக ஊனமானால் 20 லட்சம். ஆனால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்பாது.

கெட்டிச் சேற்றுக்கு வழி இருக்கிறது. தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிக் கலக்கினால் இளகிவிடும். பிறகு ஓஸிலேயே உறிஞ்சலாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்காமல் 101, 108-க்கு போன் போடுங்கள்.

லாரியைக் கூப்பிடும் முன்...

2022-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி சட்டத்தில் திருத்தம் கொண்டு வரப்பட்டு, கழிவு ஏற்றும் லாரிகளுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. கண்ட இடத்தில் கொட்டினால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய், அடுத்த தடவை 50 ஆயிரம் ரூபாய் அபராதம். டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணும் உள்ளது.

வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை:

* லைசென்ஸ் இருக்கிறதா, எந்த நிலையத்தில் கொட்டுவீர்கள் என்று போனிலேயே கேளுங்கள். மழுப்பினால் வேறு லாரியைப் பாருங்கள்.

* எத்தனை லோடு, லோடுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். நிலையம் வரை போகும் லாரி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் அது நியாயமான காசு தான்.

* ஐப்பசி மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மழையில் பூமி ஊறிய நேரத்தில் பிளாஸ்டிக் டேங்க்கை முழுசாகக் காலி செய்தால் அது மேலே கிளம்பி வந்துவிடும்.

* டேங்க்கை துடைத்து வைத்த மாதிரி கழுவ வேண்டாம். அடியில் கொஞ்சம் சேறு இருந்தால் தான் கிருமிகள் மறுபடி வேலையைத் தொடங்கும்.

* வேலை நடக்கும்போது பிள்ளைகளை பக்கத்தில் விடாதீர்கள். லாரி கிளம்பும் முன்பு மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நின்று பாருங்கள்.

* நாப்கின், துணி, பிளாஸ்டிக் கவரை கக்கூஸில் போடாதீர்கள். ஓஸ் அடைப்பதும், "ஆளை இறக்கலாமா" என்ற பேச்சு வருவதும் இதனால் தான்.

புதிதாக வீடு கட்டுபவர்கள் இடம் இருந்தால் இரட்டைக் குழி கக்கூஸ் கட்டலாம். ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் உள்ளது ஒன்றிரண்டு ஆண்டில் நாற்றமே இல்லாத உரமாகிவிடும். 2017 பிப்ரவரியில் தெலுங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் மத்திய குடிநீர், சுகாதாரத் துறை செயலாளராக இருந்த பரமேஸ்வரன் அய்யரே இப்படி ஒரு குழியில் இறங்கி உரத்தை அள்ளிக் காட்டினார். லாரியே தேவையில்லை. ஆனால் இது இரட்டைக் குழிக்கு மட்டும் தான். செப்டிக் டேங்குக்கு ஒருபோதும் பொருந்தாது.

லாரி டிரைவருக்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கொட்டுவதற்குப் பக்கத்தில் இடம் இருந்தால் ராத்திரியில் ஒளிந்து ஒளிந்து ஓட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கருங்குழி மாதிரி ஒரு நிலையம் எட்டும் தூரத்தில் வேண்டும் என்று கிராம சபைக் கூட்டத்தில் கேட்டு தீர்மானம் போட எந்த ஊருக்கும் உரிமை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் எல்லோருக்கும் தெரிந்தது தான்.

அதுவரை, அடுத்த முறை லாரி வாசலில் வந்து நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அண்ணே, இதை எங்கே கொண்டு போய் கொட்டப் போறீங்க?"