சுமை இறங்கும் இடம்: இரட்சணிய யாத்திரிகத்தில் மீட்பும் புதுவாழ்வும்

திறவுச்சொற்கள்: மீட்பு, இரட்சணியம், மறுபிறப்பு, சரணாகதி, உருவகக் காப்பியம், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை

முன்னுரை

கிறிஸ்தவ சமயத்தின் நடுவண் கருத்து மீட்பு. பாவத்தின் பிடியிலிருந்து மனிதன் விடுவிக்கப்பட்டுப் புதுவாழ்வு தொடங்குகின்றான் என்பது அதன் சுருக்கம். இக்கருத்து தமிழுக்கு வந்தபோது வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. பிறவி, வினை, வீடு, சரணாகதி ஆகியவற்றைப் பன்னூற்றாண்டுகளாகச் சிந்தித்துப் பழகிய மொழி அதனை எதிர்கொண்டது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் இந்த எதிர்கொள்ளலின் முதன்மையான சான்று. ஜான் பனியனின் ஆங்கில உரைநடை நூலைத் தழுவியது என்றும், கம்பனின் நடையைப் பின்பற்றியது என்றும் இக்காப்பியம் இருவகையாக அறிமுகம் செய்யப்படுகின்றது. இரண்டும் உண்மையே. எனினும் மீட்பு பற்றி இந்நூல் தனித்துச் சொல்வது யாது என்னும் வினா இவ்விரு அறிமுகங்களாலும் மறைக்கப்பட்டுவிடுகின்றது. அவ்வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

மீட்பு என்னும் சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மீட்பைக் குறிக்கும் சொற்களுள் சில, அடிமையையோ சிறைப்பட்டவரையோ விலை கொடுத்து விடுவிக்கும் வழக்கத்திலிருந்து பிறந்தவை. மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், மானிடமகன் பலருக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்னும் கருத்து வருமிடத்தில் இப்பொருளே நிற்கின்றது. தமிழில் மீட்டல் என்னும் சொல் இப்பொருளுக்கு இயல்பாக இடங்கொடுக்கின்றது. அடகு வைத்த நகையை மீட்கின்றோம். புறத்திணையில் கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்போர் கரந்தை சூடுகின்றனர். இரண்டிலும் மீட்கப்படும் பொருள் முன்பே மீட்பவனுக்கு உரியது. பிறர் கைக்குப் போனது. திரும்பப் பெறுவதற்குப் பணமோ குருதியோ செலவாகின்றது.

இரட்சணியம், இரட்சிப்பு ஆகிய வடசொற்களில் காத்தல் என்னும் பொருளே முன்னிற்கின்றது. விலை என்னும் குறிப்பு அவற்றில் இல்லை. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இரட்சிப்பு, மீட்பு என்னும் இரண்டையும் வெவ்வேறு பொருளில் ஆள்கின்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் மீட்பு என்பதே பெருவழக்கு. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்தின் பெயரில் இரட்சணியத்தை வைத்தார். ஆனால் அதன் உள்ளடக்கத்தில் விலையைப் பற்றியே மிகுதியாகப் பேசினார் என்பது கீழே விளங்கும்.

பிறவி அறுதலும் மறுபடி பிறத்தலும்

சொற்சிக்கலினும் பெரியது கருத்துச் சிக்கல். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமுவிடம் இயேசு, மறுபடியும் பிறத்தல் வேண்டும் என்கின்றார். அங்கு வரும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’, ‘மேலிருந்து’ என இருபொருள் உண்டு. நிக்கொதேமு முதற்பொருளை மட்டும் கொண்டு தடுமாறுகின்றார். தமிழ் வாசகரின் தடுமாற்றம் வேறு வகையானது. பிறவியைப் பெருங்கடலாகவும் பிணியாகவும் கண்ட மரபில், மறுபடி பிறத்தல் என்பது நீங்க வேண்டிய துன்பம். அடைய வேண்டிய பேறன்று. சைவரும் வைணவரும் வேண்டுவது பிறவாமை. கிறிஸ்தவம் அழைப்பதோ ஒரு பிறப்புக்கு. பழைய மொழிபெயர்ப்பு தீத்துவின் நிருபத்தில் மறுஜென்மம் என்னும் சொல்லையே தயங்காமல் ஆண்டிருப்பது, அந்நாளைய மொழிபெயர்ப்பாளர் முன் இருந்த நெருக்கடியைக் காட்டும்.

இதே உடலில், இதே வாழ்நாளில் நிகழும் பிறப்பு ஒன்றை எவ்வாறு காட்டுவது? பயணம் என்னும் உருவகம் இதற்கு ஒரு வழியைத் திறக்கின்றது. பயணி இறந்து பிறப்பதில்லை. புறப்படுகின்றான், ஓரிடத்தில் மாறுகின்றான், தொடர்ந்து நடக்கின்றான்.

பனியனின் அமைப்பு

பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்க்கும் தொழிலாளியான பனியன், அரச திருச்சபையின் இசைவின்றிப் போதித்த குற்றத்திற்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் இருந்தார். அவருடைய நூலின் முதற்பகுதி 1678-இல் வெளிவந்தது. அழிவின் நகரிலிருந்து முதுகில் சுமையோடு புறப்படும் பயணி, சிலுவை நிற்கும் மேட்டை அடைந்ததும் சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகின்றது. ஒளியுடையோர் மூவர் தோன்றிப் பாவமன்னிப்பை அறிவித்து, கந்தை களைந்து புத்தாடை உடுத்தி, நெற்றியில் அடையாளமிட்டு, முத்திரையிட்ட சுருளையும் தருகின்றனர்.

இந்நிகழ்ச்சி நூலின் முற்பகுதியிலேயே நடந்துவிடுவது கவனிக்கத்தக்கது. துன்ப மலையும், மரண நிழலின் பள்ளத்தாக்கும், மாயச் சந்தையும், ஐயக் கோட்டையும் அதன் பின்னரே வருகின்றன. மீட்பு பயணத்தின் பரிசாக இறுதியில் வைக்கப்படவில்லை. நடப்பதற்குரிய ஆற்றலாகத் தொடக்கத்திலேயே தரப்படுகின்றது. சுமை இறங்கிய பின்னரும் பயணி அஞ்சுகின்றான், உறங்கிச் சுருளைத் தவறவிடுகின்றான், வழி பிறழ்ந்து சிறைப்படுகின்றான். புதுவாழ்வு குறையற்ற வாழ்வு என்று பனியன் எங்கும் சொல்லவில்லை.

கிருஷ்ணபிள்ளை விரித்த இடம்

திருநெல்வேலிப் பகுதியின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, கம்பராமாயணத்திலும் வைணவ நூல்களிலும் தேர்ந்த பயிற்சி பெற்றவர். 1853-இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரையும் ஏற்றார். இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் தொடராக வந்து 1894-இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்னும் ஐந்து பிரிவுகளில் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. திருமுழுக்கிற்கும் நூலுக்கும் இடையே 36 ஆண்டுகள். மதம் மாறியவரின் முதல் வேகத்தில் எழுதப்பட்ட நூலாக இதனைக் கருத இடமில்லை.

பனியன் சிலுவையைச் சில வரிகளில் கடந்து செல்கின்றார். அவருடைய வாசகர்க்கு இயேசுவின் பாடுகளை எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. கிருஷ்ணபிள்ளையோ இரண்டாம் பருவமாகிய குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என ஒன்றை அமைத்துப் பாடுகளின் வரலாற்றையே விரித்துரைக்கின்றார். இயேசு கட்டுண்டு நிற்பதும், ஏளனத்திற்கு ஆளாவதும், பழிப்போர்க்கு மறுமொழி கூறாது பொறுப்பதும், காண்போர் நெஞ்சுருகுவதும் அங்கே காப்பிய நிறைவோடு இடம்பெறுகின்றன. அறியாத வாசகர்க்குக் கதை சொல்லும் தேவையே இதற்குக் காரணம் என்பது எளிய விளக்கம். அது போதாது என்பது என் கருத்து.

வைணவ மரபு சரணாகதியை ஆழமாக அறிந்தது. தன்னிடம் கைம்முதல் ஏதுமில்லை, வேறு புகலும் இல்லை என்னும் இரண்டே அடியவனின் தகுதிகள் என அம்மரபு கற்பித்தது. தகுதியற்றவனுக்கு அருள் வரும் என்பதைக் கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவத்திலிருந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக இருந்தது அருளின் விலை. அபயம் என்று வந்தவனைக் காக்கும் இறைவனை அவர் முன்பே அறிவார்; வந்தவனது கடனைத் தன் உடலில் ஏற்று மாளும் இறைவன் அவர்க்குப் புதியவன். ஆகவே பனியன் சுருக்கிய இடமே இவர்க்கு விரிக்க வேண்டிய இடமாயிற்று. பெயர் இரட்சணியம், பொருள் மீட்பு என முன்னர்க் கூறியது இதனாலேயே.

பழைய கல்வியும் புதிய பற்றும்

புதுத் தொடக்கம் பழையதை முற்றும் துறத்தலா என்னும் வினாவுக்கும் இந்நூலின் வடிவம் விடை தருகின்றது. அவர் பற்று மாறியது, செவி மாறவில்லை. பருவம், படலம், விருத்த ஓசை, அணி என அனைத்தும் அவர் இளமையிற் கற்றவை. காப்பியத்தின் இடையே உருக்கமான வேண்டல்களைப் பாடும்போது அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்னும் பட்டப்பெயர் புகழுரையாக வழங்கினும், அதனுள் ஒரு வரலாற்றுச் செய்தி அடங்கியுள்ளது.

இத்தேர்வுக்கு ஒரு விலையும் உண்டு. ஆய்வாளர் அதனை மழுப்பலாகாது. அந்நாளில் திருநெல்வேலித் திருச்சபையினருள் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினரும் ஒடுக்கப்பட்ட பிற சமூகத்தினருமாவர். உயர்நடைச் செய்யுட்கல்வி அவர்களுட் பலர்க்கு எட்டாதிருந்தது. பயணியின் சுமை இறங்குவதை அவர்களுக்காகப் பாடிய காப்பியத்தை அவர்களே படிக்க இயலாத நிலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வழிபாட்டில் பெற்ற இடத்தை இந்நூலின் விருத்தங்கள் பெறவில்லை. மேலும், பனியனைப் போலவே இவரும் மீட்பைத் தனி ஆன்மாவின் பயணமாகவே காண்கின்றார். ஊரோடு சேர்ந்து மதம் மாறியோர்க்குப் புதுவாழ்வு என்பது கல்வியும், தன்மதிப்பும், தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையுமாக இருந்தது. அந்தப் புதுவாழ்வை இரட்சணிய யாத்திரிகத்தில் தேடினால் கிடைப்பது அரிது. மிஷனரிமாரின் கடிதங்களிலும் சபைப் பதிவேடுகளிலும் தேடுதல் வேண்டும். காப்பியத்தின் தேவாரப் பாடல்கள் மட்டும் இசையோடு பாடத்தக்கன. கதையை அறியாதவரும் அவற்றைத் தம் வேண்டலாகப் பாடிக்கொள்ளலாம்.