துணி உலரவில்லையா? முதலில் பஞ்சைப் பாருங்கள்!

மும்பையில் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் கடைசிவரை விடுவதில்லை. ஓர் அறை வீட்டில் கொடி கட்ட இடமேது? பிள்ளைகளின் சீருடை இரண்டு நாள் மின்விசிறியின் கீழ் தொங்கியும் ஈர வாடை போகாது. இதற்காகவே நம்மில் சிலர் டிரையர் வாங்கியிருக்கிறோம். வாஷிங் மெஷினில் துணியைச் சுழற்றிப் பிழியும் தொட்டியையும் டிரையர் என்றே அழைக்கிறோம். இங்கே கூறுவது அதைப் பற்றியன்று. சூடான காற்றில் துணியை உருட்டி உலர்த்தும் தனி இயந்திரத்தைப் பற்றியே.

அன்பான சகோதரிகளே, ஒரு மணி நேரத்தில் உலர்ந்த துணி இப்பொழுது இரண்டு மணி நேரமாகியும் ஈரமாகவே இருக்கிறதா? ‘ஹீட்டர் போய்விட்டது’ என்று உடனே மெக்கானிக்கை அழைக்காதீர்கள். துணியை உலர்த்துவது வெப்பம் மட்டுமல்ல, ஈரத்தை வெளியே கொண்டுபோகும் காற்றோட்டமும்தான். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அந்தக் காற்றின் வழியை அடைத்துவிடுகிறது.

கதவருகே உள்ள வலைச் சல்லடையை ஒவ்வொரு முறையும் துணி எடுத்தவுடன் துடைத்துவிடுங்கள். பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வலையில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கும். குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒழுகாமல் தேங்கி நின்றால் சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, நன்கு உலர்ந்தபின் பொருத்துங்கள்.

அடுத்து, பின்புறக் குழாய். பிளக்கைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை முன்னே இழுங்கள். இடநெருக்கடியால் சுவரோடு தள்ளித் தள்ளி அக்குழாயை நசுக்கி வைத்திருப்போம்! அதைக் கழற்றி உள்ளிருக்கும் பஞ்சை நீக்குங்கள். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் உலோகக் குழாயாக மாற்றிவிடுங்கள். அதன் வாய் அறைக்குள் அல்ல, வெளியே திறக்க வேண்டும். பின்குழாய் இல்லாத கண்டென்சர் வகையானால் நீர்த்தொட்டியை ஒவ்வொரு முறையும் காலி செய்யுங்கள்.

டிரம் சுழல்கிறது, ஆனால் சூடு சிறிதுமில்லை என்றால், பல மாடல்களில் அளவு மீறிய வெப்பத்தைத் தடுக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கக்கூடும். அதை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை. ஆனால் அடைப்பை நீக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மீண்டும் போகும், செலவு இரட்டிப்பாகும்.

செலவோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன. காரணங்களில் முதலிடம் பெற்றது சுத்தம் செய்யாமல் விட்டதே. உலர்ந்த பஞ்சு நெருப்பை உடனே பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய துணியை டிரையரில் போடவே வேண்டாம்; சலவைக்குப் பின்னும் தங்கிய எண்ணெய், சூடான குவியலில் தானாகவே வெப்பம் ஏறித் தீப்பிடிக்கலாம். கடைசியில் குளிரவைக்கும் சில நிமிடங்களுக்கு முன் நிறுத்தாதீர்கள். ஞாயிறு காலை அவசரத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லாதீர்கள்.

மின்சாரத்தையும் கவனியுங்கள். 2,000 வாட் இழுக்கும் இயந்திரத்தை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டலாகாது; 16 ஆம்பியர் சாக்கெட் தேவை. ஓடும்போது பிளக் சுட்டாலோ கருகல் வாடை வந்தாலோ சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அதுவரை துணி மின்விசிறியின் கீழேயே தொங்கட்டும்.